ஒரு வரிசை, இரண்டு மடிப்பு: பாலம் இருக்கிறது சரி, கடந்தது யார்?

ஆர்.என்.ஏ. உலகம் பற்றிப் படிக்க ஆரம்பிக்கும் எவருக்கும் முதல் பத்துக் கட்டுரைகளுக்குள் வந்து சேரும் ஒன்று உண்டு. எரிக் ஷுல்டஸும் டேவிட் பார்ட்டெலும் 2000 ஜூலையில் சயன்ஸ் இதழில் எழுதியது. தலைப்பே 'ஒரு வரிசை, இரண்டு ரைபோசைம்கள்' என்று தொடங்கும். ஐந்தே பக்கம். அழகான பேப்பர், அதில் சந்தேகமே இல்லை. நான் இதுவரை நாலைந்து தடவை படித்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் பிடித்துத்தான் இருக்கிறது.

என் வருத்தம் பேப்பர் மேல் கொஞ்சம், அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் மேல் நிறைய. இருபத்தைந்து வருஷமாக விமர்சனக் கட்டுரைகளிலும் பாடநூல்களிலும் அது ஒரே வாக்கியமாகச் சுருங்கிப் போயிருக்கிறது: 'ஒரு வேலை செய்யும் ஆர்.என்.ஏ.விலிருந்து வேறொரு வேலை செய்யும் ஆர்.என்.ஏ. எளிதாகப் பிறக்கும்.' பேப்பரில் இருப்பது 'பிறக்கக்கூடும்'. அந்தக் 'கூடும்' எப்படிக் காணாமல் போனது, போனதால் என்ன நஷ்டம் என்பதைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போகிறேன்.

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஆர்.என்.ஏ. என்பது ஏ, யு, ஜி, சி என்ற நாலு எழுத்துகளால் ஆன சங்கிலி. ஏ-யும் யு-வும் ஜோடி சேரும், ஜி-யும் சி-யும் சேரும், ஜி-யும் யு-வும்கூட சுமாராகச் சேரும். இப்படித் தனக்குள்ளேயே ஜோடி சேர்ந்து சங்கிலி ஒரு வடிவத்தில் மடிந்துகொள்ளும். சில மடிப்புகள் நொதிகளைப் போல வேதிவினைகளை வேகப்படுத்தும். 1982-இல் தாமஸ் செக், 1983-இல் சிட்னி ஆல்ட்மன் இருவரும் இதைத் தனித்தனியாகக் காட்டினார்கள், 1989-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அப்படிப்பட்ட ஆர்.என்.ஏ.க்குத்தான் ரைபோசைம் என்று பெயர். தகவலையும் சுமக்கும், வேலையும் செய்யும் என்பதால் டி.என்.ஏ.வும் புரதமும் வருவதற்கு முன்னால் ஆர்.என்.ஏ.வே எல்லாமுமாக இருந்திருக்கலாம் என்பது ஆர்.என்.ஏ. உலகக் கருதுகோள்.

இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. ஒரு மடிப்பு வேலை செய்கிறது என்று வையுங்கள். அதன் எழுத்துகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போய் முற்றிலும் வேறொரு மடிப்புக்கு எப்படிப் போவது? நடுவில் பழைய மடிப்பும் இல்லாமல் புது மடிப்பும் இல்லாமல், ஒன்றுக்கும் உதவாத ஒரு சங்கிலியாக நிற்க வேண்டிவராதா? அப்படி நின்றால் இயற்கைத் தேர்வு அதைத் துடைத்துப் போட்டுவிடும். புரதங்களுக்கு இதே கேள்வியை ஜான் மேனார்ட் ஸ்மித் 1970-இல் ஒரு சொல் விளையாட்டாக விளக்கினார். தமிழில் விளையாடிப் பாருங்கள்: கல், பல், பால், பாய், தாய். ஒவ்வொரு படியிலும் ஓர் எழுத்துத்தான் மாறுகிறது, எந்தப் படியிலும் அர்த்தமில்லாத சொல் இல்லை. கல்லிலிருந்து தாய்க்கு நாலே படி. ஆனால் எந்த இரண்டு சொல்லை எடுத்தாலும் இப்படி வழி கிடைத்துவிடுமா?

ஷுல்டஸும் பார்ட்டெலும் இரண்டு ரைபோசைம்களை எடுத்தார்கள். ஒன்று ஹெபடைட்டிஸ் டெல்டா வைரஸில் இருப்பது, தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும். இயற்கையானது. இன்னொன்று பார்ட்டெலும் ஜாக் ஷோஸ்டாக்கும் 1993-இல் செய்த சோதனையிலிருந்து வந்தது, இன்னொரு ஆர்.என்.ஏ. துண்டைத் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்ளும். அது இயற்கையில் எங்கும் இல்லை, சோதனைக்குழாயில் பிறந்தது. ஆகவே இரண்டுக்கும் பொதுவான மூதாதை இருக்க வாய்ப்பே இல்லை. ஒன்று வெட்டுவது, மற்றது ஒட்டுவது. மடிப்பில் ஒரு ஜோடிகூடப் பொதுவில் கிடையாது. இந்தத் தேர்வை நான் மிகவும் ரசித்தேன். உறவு இருந்ததால்தான் பாலம் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாதபடி ஆளெடுத்திருக்கிறார்கள்.

பிறகு இரண்டு மடிப்பிலும் மடியக்கூடிய ஒரே வரிசையை வடிவமைத்தார்கள். பிரிமொழிச் சிலேடை போல. 'பலகை' என்று சேர்த்துப் படித்தால் மரம், 'பல கை' என்று பிரித்துப் படித்தால் ஆட்கள். எழுத்து ஒன்றுதான், எதை எதோடு சேர்க்கிறோம் என்பதில் பொருள் மாறுகிறது. இவர்களுடைய வரிசையின் ஒரு பகுதி மூலக்கூறுகள் ஒரு மாதிரி மடிந்து வெட்டின, வேறு சில வேறு மாதிரி மடிந்து ஒட்டின. இரண்டு வேலையும் மந்தம்தான். ஆனால் அந்தச் சந்திப்பு வரிசையிலிருந்து ஒருசில எழுத்து இந்தப் பக்கம் தள்ளினால் நன்றாக ஒட்டுகிறது, ஒருசில எழுத்து அந்தப் பக்கம் தள்ளினால் நன்றாக வெட்டுகிறது. அங்கிருந்து அசல் ரைபோசைம்கள் வரைக்கும், ஒவ்வொரு பக்கமும் சுமார் 40 எழுத்து மாற்றங்கள், கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போனாலும் வேலை பெரிதாகக் கெடவில்லை. கல்லிலிருந்து தாய் வரை வந்துவிட்டார்கள்.

இதில் எவ்வளவு ஆச்சரியம், எவ்வளவு எதிர்பார்க்கக்கூடியது? இந்தக் கேள்வியை மேற்கோள் காட்டுகிறவர்கள் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஏனென்றால் சந்திப்பு வரிசை ஒன்று இருந்தே தீரும் என்று 1997-லேயே ரைடிஸ், ஸ்டாட்லர், ஷுஸ்டர் மூவரும் கணிதமாக நிரூபித்திருக்கிறார்கள். நிரூபணத்தின் சாரத்தைப் பேப்பர் பென்சில் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு மடிப்பில் ஒவ்வொரு எழுத்துக்கும் அதிகபட்சம் ஒரு ஜோடிதான். இன்னொரு மடிப்பிலும் அப்படியே. ஓர் எழுத்திலிருந்து கிளம்பி முதல் மடிப்பின் ஜோடிக்குத் தாவுங்கள், அங்கிருந்து இரண்டாம் மடிப்பின் ஜோடிக்கு, மறுபடி முதல் மடிப்பு, இப்படி மாறி மாறி. ஒன்று வழி எங்கேயாவது முடியும், இல்லாவிட்டால் கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும். வந்து சேர்ந்தால் தாவல்களின் எண்ணிக்கை கட்டாயம் இரட்டைப்படை. ஆகவே வழிநெடுக ஜி, சி, ஜி, சி என்று எழுதிக்கொண்டே போகலாம், எங்கும் முட்டாது. எந்த இரண்டு மடிப்பை எடுத்தாலும் இரண்டுக்கும் பொருந்தும் வரிசை குறைந்தது ஒன்று உண்டு. அவ்வளவுதான் தேற்றம்.

ஆனால் பொருந்துவது வேறு, வேலை செய்வது வேறு. வினை நடக்கும் இடத்தில் சில எழுத்துகள் இதுதான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் ரைபோசைம்களுக்கு உண்டு, அங்கே ஜி-சி விளையாட்டெல்லாம் எடுபடாது. ஜோடி சேர்வது மட்டுமில்லாமல் முப்பரிமாணத்தில் உட்காரவும் வேண்டும். இத்தனை கட்டுப்பாட்டுக்கு நடுவிலும் பாலம் நிற்கிறது என்று காட்டியதுதான் 2000-ஆம் ஆண்டுப் பேப்பரின் உண்மையான சாதனை. அந்தப் பெருமையை யாரும் எடுக்க முடியாது.

பாலம் இருக்கிறது, சரி. அதைக் கடந்தது யார்? இரண்டு விஞ்ஞானிகள். கையில் வரைபடத்தோடு.

அவர்களுக்கு இரண்டு கரையும் தெரியும். நடுவில் எங்கே சந்திக்க வேண்டும் என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். பரிணாமத்துக்குக் கரையும் தெரியாது, பாலமும் தெரியாது. நூறு எழுத்துச் சங்கிலியில் ஒரே ஓர் எழுத்தை மாற்ற 300 வழி இருக்கிறது. அவற்றில் வேலையைக் கெடுக்காதவை பல இருக்கலாம், ஆனால் பாலத்தின் பக்கம் கூட்டிப்போகிறவை சிலதான். இப்படி நாற்பது தடவை சரியான பக்கமே திரும்பிக்கொண்டு வருவது குருட்டு நடையில் நடக்கிற காரியமா?

இதற்கு நியாயமான ஒரு பதில் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பரிணாமம் குறிப்பிட்ட அந்த அக்கரைக்குத்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது? ஏதோ ஒரு கரை கிடைத்தால் போதாதா? போதும். ஆனால் அப்படியென்றால் கேட்க வேண்டிய கேள்வியே மாறிவிடுகிறது. ஒரு ரைபோசைமைச் சுற்றி, எட்டும் தூரத்தில், எத்தனை புதுக் கரைகள் இருக்கின்றன? நாமே பொறுக்கியெடுத்த ஒரு ஜோடியை வைத்து இதற்கு விடை சொல்லவே முடியாது. ஊருக்குள் ஒரு பாலத்தைக் காட்டி இந்த ஊரில் ஆறெல்லாம் தடையே இல்லை என்று சொல்வது மாதிரி.

சுவாரஸ்யம் என்னவென்றால், இந்தச் சரியான கேள்வியைக் கேட்டதும் அதே பார்ட்டெல்தான். 2005-இல் எட்வர்ட் கர்ட்டிஸோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரை. அமினோ அமிலத்தைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளும் ஒரு ரைபோசைமை எடுத்து, அதன் எழுத்துகளைத் தாறுமாறாகக் கலைத்து ஒரு பெரிய கூட்டத்தை உண்டாக்கி, அதிலிருந்து முற்றிலும் வேறு வேலை செய்கிறவற்றை, பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்கிறவற்றை, தேடினார்கள். 23 வகை கிடைத்தன. சில தாய் வரிசைக்குப் பக்கத்திலேயே இருந்தன. இது நல்ல செய்தி. ஆனால் தாயிலிருந்து விலக விலகப் புது ரைபோசைம் கிடைக்கும் வாய்ப்பு கணிசமாகக் கூடியது. அதாவது பழைய மடிப்பிலிருந்து தப்பித்தால்தான் புதியது சுலபமாகக் கிடைக்கிறது. ஏற்கெனவே நன்றாக மடிந்திருப்பது உதவியாக இல்லை, இடைஞ்சலாக இருக்கிறது!

2000-ஆம் ஆண்டுப் பேப்பரை மேற்கோள் காட்டுகிற இடங்களில் இந்த 2005 பேப்பரைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. எனக்கு இது கொஞ்சம் எரிச்சலாகவே இருக்கிறது. முதல் பேப்பர் ஒரு கதை சொல்கிறது, இரண்டாவது அந்தக் கதைக்கு ஒரு 'ஆனால்' சேர்க்கிறது. கதை ஊர் ஊராகப் போகிறது, 'ஆனால்' வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

2013-இல் ஐரீன் சென் குழுவினர் இன்னும் நேரடியாகப் போனார்கள். 24 எழுத்து நீளத்துக்குச் சாத்தியமான மொத்த வரிசைகள் சுமார் 2.8 கோடி கோடி. இது ஒரு சோதனைக்குழாயில் அடங்குகிற எண்ணிக்கைதான். ஆகவே ஏறக்குறைய எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, ஜி.டி.பி. என்ற மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும் ஆற்றலுக்கு ஒரு முழு நிலப்படமே வரைந்தார்கள். மேடுகள் இருந்தன. ஒரு மேட்டுக்குள் நடந்து திரிய வழியும் இருந்தது. ஆனால் ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்கு வேலையை இழக்காமல் போகும் வழி பெரும்பாலும் இல்லை, தனித்தனித் தீவுகள். 24 எழுத்து ரொம்பச் சின்னது, நீளம் கூடக் கூட வழிகள் பெருகும் என்று வாதாடலாம். எனக்கும் அதில் பாதி நம்பிக்கை உண்டு. ஆனால் நீளமானதை இப்படி முழுசாக அளக்க முடியாது. 1993 சோதனையில் 220 எழுத்து தற்போக்கு வரிசைகள் ஏறத்தாழ பத்துக் கோடி கோடி இருந்தன. எடை போட்டால் அது ஒரு மில்லிகிராமில் எட்டில் ஒரு பங்குதான். சாத்தியமான மொத்த வரிசைகளோ 1-க்குப் பின்னால் 132 சைபர். அந்தப் பிரபஞ்சத்தின் நிலப்படத்தை யாரும் எக்காலத்திலும் வரையப் போவதில்லை.

சரி, வழி இருக்கிறதா என்ற விவாதத்தை ஒரு பக்கம் வைப்போம். நடக்கிறவர் யார் என்று பார்ப்போம். எனக்கு இதுதான் பெரிய ஓட்டை.

'வேலை கெடவில்லை, ஆகவே இது நடுநிலை மாற்றம்' என்று சொல்லும்போது எதை அளந்தார்கள்? தனியாகச் சுத்தம் செய்த மூலக்கூறு, தேவையான அளவு மெக்னீசியம், ஒட்டும் வேகம் அல்லது வெட்டும் வேகம். ஆனால் ஆர்.என்.ஏ. உலகத்தில் பிழைப்பது என்றால் நகலெடுக்கப்படுவது. நகலெடுப்பு இந்தப் பேப்பரில் எங்குமே இல்லை. இந்த மாதிரிச் சோதனைகளில் பொதுவாக நகலெடுப்பதெல்லாம் புரத நொதிகள்தான். ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்ற ஒன்று, டி.என்.ஏ.வைப் பெருக்க ஒன்று, மறுபடி ஆர்.என்.ஏ. ஆக்க ஒன்று. புரதமே இல்லாத உலகத்தைப் பற்றிய சோதனையில் கஷ்டமான பாதி வேலையைப் புரதம் பார்க்கிறது.

நகலெடுப்பை மட்டும் வைத்துக்கொண்டு வேலையைக் கழற்றிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1967-லேயே விடை இருக்கிறது. சால் ஸ்பீகல்மன் குழு கியூ-பீட்டா வைரஸின் ஆர்.என்.ஏ.வை, அதை நகலெடுக்கும் நொதியோடு சேர்த்து ஒரு குழாயில் விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு சொட்டு எடுத்து அடுத்த குழாய், அதிலிருந்து அடுத்தது. 74 தடவை. கடைசியில் மிஞ்சிய ஆர்.என்.ஏ. தன் நீளத்தில் 83 சதவீதத்தைத் தொலைத்திருந்தது. வைரஸாக இருப்பதற்குத் தேவையான எதுவும் அதில் இல்லை, வேகமாக நகலெடுக்கப்படும் திறமை மட்டும் பாக்கி. இதையும் பரிணாமம் என்றுதான் சொல்ல வேண்டும். கவனிக்காமல் விட்டால் ஆர்.என்.ஏ. வேலைக்காரனாக ஆவதைவிடச் சோம்பேறி ஒட்டுண்ணியாக ஆவதுதான் சுலபம். இன்னொரு முரண்பாடும் இருக்கிறது: நன்றாக வேலை செய்ய இறுக்கமாக மடிய வேண்டும், இறுக்கமாக மடிந்ததை நகலெடுப்பது கஷ்டம். பாலத்தின் மேல் நிற்கும் ஒரு வரிசைக்கு, வேலையும் மந்தம், இரண்டு மடிப்புக்கு நடுவே தடுமாற்றம் வேறு, இந்தக் கூட்டத்தில் என்ன மரியாதை கிடைக்கும்?

நகலில் பிழை விழும் என்பது அடுத்த விஷயம். பிழை ஓர் அளவைத் தாண்டினால் எவ்வளவு தேர்வு நடந்தாலும் தகவல் நிற்காது என்று மான்ஃபிரட் ஐகன் 1971-இல் சொன்னார். 2024-இல் ஜெரால்ட் ஜாய்ஸ் குழு இதை ஆர்.என்.ஏ.வை வைத்தே காட்டினார்கள். நகலெடுப்பதும் ஒரு ரைபோசைம், நகலெடுக்கப்படுவது சுத்தியல்தலை என்ற சின்ன ரைபோசைம். நகலெடுப்பவரில் இரண்டு ரகம், ஒருவர் பிழை கூடியவர், ஒருவர் குறைந்தவர். பிழை கூடியவர் கையில் சில சுற்றுகளிலேயே வேலை அழிந்துபோனது. குறைந்தவர் கையில் நிலைத்தது, புது மாற்றங்களும் கிளைத்தன. நாற்பது படி நடப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நின்ற இடத்தில் நிற்கவே என்ன விலை கொடுக்க வேண்டும் என்று இந்தச் சோதனை காட்டுகிறது.

பேப்பரின் மேலேயே எனக்கிருக்கும் ஒரு குறையைச் சொல்ல வேண்டும். மடிப்பிலும் வேலையிலும் எந்த ஒற்றுமையும் இல்லாத இரண்டு உயிரியல் ஆர்.என்.ஏ.க்கள்கூட ஒரே மூதாதையிலிருந்து வந்திருக்கலாம் என்று சுருக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். தர்க்கப்படி தப்பில்லை. ஆனால் ஒற்றுமையும் சான்று இல்லை, ஒற்றுமையின்மையும் எதிர்ச்சான்று இல்லை என்றால், அந்தக் கூற்றை எதை வைத்துச் சோதிப்பது? மறுவருஷமே சலேஹி-அஷ்டியானியும் ஷோஸ்டாக்கும் மறுகோடியிலிருந்து ஒன்றைக் காட்டினார்கள். தற்போக்கு வரிசைகளிலிருந்து தன்னை வெட்டிக்கொள்ளும் ஆர்.என்.ஏ.க்களைத் தேடினால் திரும்பத் திரும்ப சுத்தியல்தலை மடிப்பே வருகிறது, ஆகவே இயற்கையிலும் அது பலமுறை தனித்தனியாகத் தோன்றியிருக்கலாம். ஒரே முகம், வேறு வேறு குடும்பம். இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஆர்.என்.ஏ.வின் முகத்தைப் பார்த்துச் சொந்தம் சொல்லவே முடியாது என்றாகிறது. வம்ச வரலாறு எழுத வந்தவருக்கு இது எவ்வளவு பெரிய அடி! அந்த அடியை இரண்டு வரியில் ஒரு வாய்ப்பாக அறிவித்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

வரலாற்றுச் சான்று வேண்டுமென்றால் வேறு இடத்தில் தேட வேண்டியிருக்கிறது. அதே 2000-இல், அதே சயன்ஸ் இதழில், சில வாரங்களிலேயே தாமஸ் ஸ்டைட்ஸ், பீட்டர் மூர் குழுவின் ரைபோசோம் கட்டமைப்பு வந்தது. புரதங்களைக் கோக்கும் அந்த இடத்தில் புரதமே இல்லை, சுற்றிலும் ஆர்.என்.ஏ. நம் எல்லோர் செல்லிலும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ரைபோசைம் அது. அதன் மையத்தில் இரண்டு பாதிகள் ஒத்த மடிப்போடு எதிரெதிரே நிற்கின்றன, எழுத்து வரிசை மட்டும் ஒத்துப்போகவில்லை. ஒரு சின்ன ஆர்.என்.ஏ. இரட்டித்து ஒன்று சேர்ந்ததன் எச்சம் இது என்று அடா யோனத் குழு சொல்கிறது. 2022-இல் அந்தக் குழுவினர் அப்படிப்பட்ட சின்னத் துண்டுகளைத் தனியாகச் செய்து, அவை பெப்டைடு பிணைப்பை உண்டாக்குவதையும் காட்டினார்கள். இதிலும் கேள்விகள் இருக்கின்றன, ஆனால் இங்கே குறைந்தபட்சம் பிடித்துக்கொள்ள ஒரு பொருள் இருக்கிறது.

இப்படியெல்லாம் எழுதினால் பரிணாமத்தை மறுக்கிறவர்களுக்குத் தீனி போடுகிறாயே என்று ஒரு நண்பர் கேட்டார். தீனி போடுவது 'எளிதாகப் பிறக்கும்' என்ற வாக்கியம்தான். அதை ஒருத்தர் மூலக் கட்டுரையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால், சொன்ன மற்ற எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வந்துவிடும்.

எனக்குப் பார்க்க ஆசையான சோதனை ஒன்று உண்டு. ஒட்டும் கரையில் ஒரு கூட்டத்தை விடுங்கள். நகலெடுக்கப் புரதம் கூடாது, ஒரு ரைபோசைம்தான் நகலெடுக்க வேண்டும். ஒட்டுண்ணிகள் எல்லாவற்றையும் தின்றுவிடாமல் இருக்கச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து வையுங்கள். அறை பிரித்தால் ஒட்டுண்ணியைத் தாக்குப்பிடிக்கலாம் என்று 2016-இல் மட்சுமுரா குழுவினர் செய்தே காட்டியிருக்கிறார்கள், நகலெடுத்தது புரதம் என்றாலும். பிறகு வெட்டுவதற்கு ஒரு லாபத்தை வைத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். வரைபடம் கொடுக்கக் கூடாது. கூட்டம் 2000-ஆம் ஆண்டின் பாலத்தையே கண்டுபிடிக்கிறதா, வேறு வழியில் போகிறதா, இருந்த இடத்திலேயே செத்துப்போகிறதா? இன்றைக்கு நகலெடுக்கும் ரைபோசைம்களுக்குச் சுத்தியல்தலையைப் பிழையில்லாமல் எழுதவே மூச்சு வாங்குகிறது. இந்தப் பாலத்தின் வரிசைகள் அதைவிட நீளம்.